நோ எங்கயெண்டு கேக்கினம், என்ன நடந்ததெண்டு ஒருத்தரும் கேக்கேல்ல

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன கிழமை உங்கட பேப்பரில நாரி நோ, முழங்கால் நோ பற்றி வந்த கட்டுரையை வாசிச்சன், பக்கத்து வீட்டு மாமிக்கும் வாசிச்சுக் காட்டினன். எப்பிடி இருக்கோணும், எப்பிடிப் படுக்கோணும், பாரம் தூக்கக்கூடாது, நிறையைக் குறைக்கோணும், எல்லாம் சரிதான் ஐயா. ஆனா வன்னியில ஒரு ஆளுக்கு வருசக்கணக்கா நாரி நோகுதெண்டா அதில பாதிக் கதை அந்தக் கட்டுரையில இல்லை, அதைத்தான் எழுதுறன்.

எனக்கு நோ வந்து இப்ப ஒன்பது வருசம். முதல் பிடரி, பிறகு தோள்மூட்டு, பிறகு நாரி, இப்ப சில நாளில எங்க நோகேல்ல எண்டு சொல்லுறதுதான் லேசு. ரத்தம் பாத்தாச்சு, எக்ஸ்ரே எடுத்தாச்சு, வாதமோ எண்டும் பாத்தாச்சு, எல்லாம் நோர்மல். ஒரு ஆஸ்பத்திரியில, பேர் வேண்டாம், விடிய நாலரை பஸ்ஸில போய் நம்பர் எடுத்து, மத்தியானம் தாண்டித்தான் உள்ள கூப்பிட்டவை. டொக்டருக்குத் தமிழ் கொஞ்சம்தான் தெரியும். நான் பிடரி எரியுது, தோள் கடுக்குது, நாரி உளையுது, கால் விண் விண்ணெண்டு தெறிக்குது எண்டு நாலு விதமாச் சொல்ல, பக்கத்தில நிண்ட பிள்ளை அவ்வளவையும் ஒரே சொல்லாக்கி அவருக்குச் சொல்லிப்போட்டுது. அவர் கிளினிக் கொப்பியை மூடினார், "உங்களுக்கு ஒண்டுமில்லை, யோசிக்காதேங்கோ" எண்டார், அவ்வளவுதான். நான் வெளிய வாங்கில வந்து இருந்து அழுதன், ஏனெண்டு அப்ப எனக்கே தெரியேல்ல. ஒண்டுமில்லையெண்டா நான் பொய்யா சொல்லுறன்? யோசிக்காத எண்டா எதை யோசிக்காம விடுறது?

ஒண்டுமில்லை எண்டுற கதை பிழை ஐயா. நோவைப் பற்றி ஆராயிற சர்வதேச சங்கம் 1979 இலயே எழுதி வைச்சிட்டுது, நோ எண்டுறது உடம்பில படுற உணர்வு மட்டுமில்லை, அது மனசையும் சேர்த்த அனுபவமெண்டு. 2020 இல அந்த விளக்கத்தைத் திருத்தேக்கயும் மனசை வெளிய எடுக்கேல்ல. மூண்டு மாசத்துக்கு மேல நிண்டா அது நாட்பட்ட நோ. 2022 இல நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின்ர நோய்ப் பட்டியலில, காயமோ வேற வருத்தமோ காரணமெண்டு காட்ட ஏலாட்டியும் நாட்பட்ட நோ தன்னளவில ஒரு வருத்தமா இருக்கு. படத்தில ஒண்டும் தெரியேல்ல எண்டதுக்காக நரம்பு சும்மா இருக்கெண்டு அர்த்தமில்லை, கனகாலம் நொந்த நரம்பு சின்னதுக்கும் கத்தப் பழகிப்போடும், அதோட நித்திரையில்லாமை, பயம், ஏக்கம் எல்லாம் சேர்ந்தா கத்துறது கூடும்.

எனக்கு இது விளங்கினது ஒரு சின்னப் பிள்ளையால. எங்கட பக்கத்து ஆஸ்பத்திரியில ஆற்றுப்படுத்தல் செய்யிற பிள்ளை, என்னை விடப் பதினைஞ்சு வயசு குறைவு. ஒரு எண்பது பக்கக் கொப்பியைத் தந்து மூண்டு கோடு அடிக்கச் சொல்லிச்சு. நோ பத்துக்கு எவ்வளவு, அண்டைக்கு என்ன நடந்தது, மனம் எப்பிடி இருந்தது. முதல் ரெண்டு கோடும் பிரச்சினை இல்லை. மூண்டாவதில ரெண்டு கிழமையா நான் எழுதி வைச்சிருந்தது களைப்பு, நித்திரையில்லை, வெக்கை, கால் வீக்கம், ஒரு நாள் "சமையல்". பிள்ளை பாத்திட்டு "அக்கா, இது முழுக்கத் திரேகமெல்லோ, மனம் எங்க?" எண்டு கேட்டுது. எனக்கு உண்மையாவே கேள்வி விளங்கேல்ல. பிறகு ஒரு நாளைத் தொட்டுக் காட்டி, இண்டைக்கு ஒன்பது போட்டிருக்கிறியள், என்ன நடந்தது எண்டுது. அண்டைக்குத்தான் தம்பியின்ர படத்தை லமினேட் பண்ணக் கடையில குடுத்தனான், 2009 மே மாதம் வட்டுவாகல் பாலம் கடக்கேக்க எங்களை விட்டுப் பிரிஞ்சு காணாமல் போனவன், காணாமல் போனவையின்ர பதிவுக்குப் பதிவு படம் குடுத்துக் குடுத்து மூலை எல்லாம் மடிஞ்சுபோச்சு. அந்தச் சூட்டு மெசினுக்குள்ளால படம் மெதுவா வெளிய வர, முகம் கொஞ்சம் சுருங்கின மாதிரி இருந்தது. அந்த நேரம் நெஞ்சுக்க என்ன செய்தது அக்கா எண்டுது. அடைச்சது எண்டன். அடைச்சதுக்கு என்ன பேர், பயமோ, ஏக்கமோ, கோவமோ? கோவம் எண்டு வாயில வந்திட்டுது. இவ்வளவு வருசமா எனக்குள்ள கோவம் கிடந்ததெண்டு எனக்கு அண்டைக்குத்தான் தெரியும்.

இதுக்கு ஒரு பேர் இருக்காம், அலெக்ஸிதைமியா. 1970களில பீற்றர் சிஃப்னியோஸ் எண்ட மனநல மருத்துவர் கிரேக்கச் சொல்லுகளைச் சேர்த்து வைச்ச பேர், உணர்ச்சிக்குச் சொல் இல்லாத நிலை எண்டு கருத்து. அதை அளக்க இருவது கேள்வி கொண்ட ஒரு படிவமும் இருக்கு. நாட்பட்ட நோ உள்ள ஆக்களிட்ட இது மற்றவையை விடக் கூடவாம், இது கூட உள்ளவைக்கு மனச்சோர்வும் பதட்டமும் கூடவாம். இதாலதான் நோ வருது எண்டு நான் சொல்ல வரேல்ல, காலுக்க ஷெல் துண்டோட திரியிற சனத்திட்டப் போய் உனக்கு மனசு எண்டு சொன்னா அது பாவம், அந்தத் துண்டால எம்.ஆர்.ஐ எடுக்கக்கூட யோசிக்க வேண்டிய ஆக்கள் அவை. ரெண்டும் சேர்ந்து கிடக்கு, ரெண்டையும் சேர்த்துப் பாருங்கோ எண்டுதான் கேக்கிறன். மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவை எங்கட சனத்தின்ர மனக்காயம் உடம்பு நோவா வருதெண்டு எவ்வளவோ காலமாச் சொல்லுகினம். பங்கருக்க பிள்ளையை மடியில வைச்சுக்கொண்டு இருந்த தாய் அழ ஏலுமே, அழுதா பிள்ளை பயந்திடும், அப்பிடி அடக்கிப் பழகின சனம் இது. கிளிநொச்சியில 2017 மாசியில தொடங்கிக் கந்தசாமி கோயிலடியில, காணாமல் போன பிள்ளையளைக் கேட்டுப் போராட்டம் இருந்த அம்மாமாரிட்டயும் சுகமோ எண்டு கேட்டா முதல்ல பிரஷர், முழங்கால் எண்டுதான் சொல்லுவினம்.

அடுத்தது எங்கட சொல்லு. மாமிக்கு ஒருக்கா கிளினிக்கில படிவம் நிரப்பின தம்பி "மனச்சோர்வு உள்ளதா?" எண்டு வாசிச்சுக் கேக்க, மாமி "அப்பிடி ஒரு வருத்தம் எனக்கு இல்லைத் தம்பி" எண்டிட்டா, அவரும் இல்லை எண்டு புள்ளடி போட்டிட்டார். மாமி ஆமிக்காலத்தில ரெண்டு பிள்ளையைக் குடுத்தவ. அந்தரமா இருக்கோ, ஏக்கமோ, வெப்பிசாரமோ எண்டு கேட்டிருந்தா மனிசி வாய் திறந்திருக்கும். சொல்லில்லாத சனமில்லை நாங்கள், படிவத்திலதான் எங்கட சொல் இல்லை.

குளுசை விசயமும் சொல்லோணும். நோவுக்கு அமிற்றிப்ரிலின் குறைஞ்ச அளவில குடுப்பினம், அது நரம்பு நோவைக் குறைக்கவும் நித்திரைக்கும் உதவும், ஆனா அதையே கூடின அளவில மனச்சோர்வுக்கும் குடுக்கிறது. ஒருத்தரும் விளங்கப்படுத்திறேல்ல. பிறகு ஆரோ இது விசர்க் குளுசையடி எண்டு சொல்ல, வீட்டை கொண்டுபோய்க் குப்பையில போடுறது, எனக்குத் தெரிஞ்சு மூண்டு பேர் அப்பிடி.

உணர்ச்சியைப் பேர் சொல்லி வெளிய எடுக்கிற வைத்தியம் வேலை செய்யுமோ எண்டு கேப்பியள். அமெரிக்காவில அறுவது வயசுக்கு மேற்பட்ட 126 முன்னாள் படையாக்களை வைச்சு ஒரு ஆய்வு 2024 இல வந்தது. அந்த வைத்தியம் எடுத்த ஆக்களில 63 வீதம் பேருக்கு நோ 30 வீதமாவது குறைஞ்சிருக்கு, வழமையான சிந்தனை மாற்றும் வைத்தியம் எடுத்தவையில 17 வீதம்தான். எனக்கு நோ போகேல்ல, ஆனா ஒன்பது எண்டு போடுற நாள் குறைஞ்சிட்டுது, இரவில நாலஞ்சு மணித்தியாலம் படுக்கிறன்.

நான் கேக்கிறது பெரிசா ஒண்டுமில்லை. நோ கிளினிக் நடக்கிற நாளில தமிழ் நல்லாத் தெரிஞ்ச ஒரு ஆள், ஒரு நோயாளிக்குப் பத்து நிமிசம், நோ கூடின நாளில என்ன நடந்தது எண்டு கேக்க இருக்கோணும். மனநலப் பிரிவுக்குத் துண்டு குடுத்துக் கைகழுவாம, உடம்புக்கும் மனசுக்கும் ஒரே நாளில ஒரே கொப்பியில பாக்கோணும். சுகாதாரத் திணைக்களத்தில இருக்கிறவை உங்கட பேப்பரை வாசிப்பினம், அதாலதான் உங்களுக்கு எழுதுறன்.

மாமியும் இப்ப ஒரு கொப்பி வைச்சிருக்கிறா. அவவுக்கு எழுத வராது, பேத்திதான் எழுதிக் குடுக்கிறாள். செவ்வாய்க்கிழமை மூண்டாவது கோட்டில வெப்பிசாரம் எண்டு போடச் சொன்னவவாம். அம்மம்மா அப்பிடியெண்டா என்ன எண்டு பிள்ளை கேட்டிருக்கு, சோத்துப்பானை அடிப்பிடிக்கும் வரைக்கும் மனிசி கதைச்சுக்கொண்டு இருந்ததாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
விசுவமடு