‘ஹிஸ்டீரியா’வின் டிரம்ஸ்: ‘மெஷின் பாட்டு’ என்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எண்பதுகளின் ராக் ஆல்பங்களை "எல்லாம் மெஷின் போட்டது" என்று ஒரே வரியில் தள்ளிவிடும் ரசிக நண்பர்களுக்கு,

வணக்கம்.

பிரிட்டிஷ் ராக் குழு டெஃப் லெப்பர்டின் ‘ஹிஸ்டீரியா’ ஆல்பம் பற்றிப் பேச்சு வந்தாலே உங்களில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறீர்கள்: "பாவம், டிரம்மருக்குக் கை போய்விட்டது. அதனால் கம்ப்யூட்டரை வைத்து ஒப்பேற்றிவிட்டார்கள்." கேட்க உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் தேதிகள் ஒத்துவரவில்லை.

குழுவின் டிரம்மர் ரிக் ஆலன் கார் விபத்தில் சிக்கியது 1984 டிசம்பர் 31 அன்று, ஷெஃபீல்டுக்கு அருகே. பிய்ந்துபோன இடக்கையை மருத்துவர்கள் மீண்டும் பொருத்திப் பார்த்தார்கள். தொற்று ஏற்பட்டதால் எடுக்க வேண்டியதாயிற்று. சரி. ஆனால் அதே குழுவின் முந்தைய ஆல்பமான ‘பைரோமேனியா’ வந்தது 1983 ஜனவரியில். அப்போது அவருக்கு இரண்டு கைகளும் இருந்தன. அந்த ஆல்பத்திலும் டிரம்ஸ் பெரும்பாலும் ஃபேர்லைட்டில் ஏற்றி எடுத்த சாம்பிள்கள்தான். ஃபேர்லைட் என்பது ஆஸ்திரேலியாவில் உருவான, கீபோர்டும் திரையும் கொண்ட ஒரு கணினி. ஒரு அடியின் ஓசையை உள்ளே பதிந்துவைத்து, வேண்டிய இடத்தில் வேண்டிய தடவை ஒலிக்கவைக்கலாம். விபத்துக்கு முன்பே அது ஸ்டூடியோவுக்குள் வந்தாயிற்று. கொண்டுவந்தவர் தயாரிப்பாளர் மட் லாங்.

லாங் ஒன்றும் நிஜ டிரம்ஸ் தெரியாத ஆள் இல்லை. ஏசி/டிசியின் ‘பேக் இன் பிளாக்’ அவர் தயாரித்ததுதான். ஒரு அறைக்குள் நின்று நாலைந்து பேர் வாசிப்பதை அப்படியே பிடித்த மாதிரி ஒலிக்கும் ஆல்பம் அது. ஆக, இந்தப் பக்கம் வந்தது அவருடைய தேர்வு.

அந்தத் தேர்வு என்னவென்று பார்ப்போம். வழக்கமாக டிரம்ஸையும் பேஸ் கிட்டாரையும் முதலில் பதிந்துவிட்டு, அதன்மேல் கிட்டார், கடைசியில் குரல் என்று போவார்கள். லாங் இதைத் தலைகீழாக்கினார். வழிகாட்டியாக ஒரு டிரம் மெஷினை ஓடவிட்டு, குரலையும் கிட்டாரையும் அதன்மேல் அடுக்கிக்கொண்டே போனார். பாட்டு எப்படி முடியப்போகிறது என்று தெரிந்த பிறகுதான் டிரம்ஸ். கூரையைப் போட்டுவிட்டு அஸ்திவாரம் தோண்டுகிற மாதிரி இருந்தாலும், அவர் வேலை செய்த விதத்துக்கு அதுதான் பொருந்தியது. பாட்டின் அமைப்பை அவர் மாதக்கணக்கில் மாற்றிக்கொண்டே இருப்பார். இன்றைக்குப் பல்லவிக்கு முன் நாலு பார் (தாளச் சுற்று), நாளைக்கு எட்டு. டிரம்ஸை முதலில் பதிந்திருந்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் டேப்பை வெட்டி ஒட்டவேண்டும், இல்லையென்றால் ஆலனை மறுபடி உட்காரவைத்து அடிக்கச் சொல்லவேண்டும். கடைசியில் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. அதோடு, அடுக்கி முடித்த கிட்டாருக்கும் குரலுக்கும் நடுவே எந்த ஸ்நேர் (‘சடார்’ என்று ஒலிக்கும் டிரம்) ஓசை முட்டிக்கொண்டு வெளியே வரும் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கவும் முடியும்.

கிட்டார் பக்கம் இன்னும் விசித்திரம். பெரிய மார்ஷல் ஆம்ப்களை (கிட்டார் ஒலிபெருக்கிகளை) வரிசையாக நிறுத்தி அலறவிட்டிருப்பார்கள் என்று நினைப்போம். ‘ஹிஸ்டீரியா’வில் பெருமளவுக்குக் கேட்பது ராக்மேன். பாஸ்டன் குழுவின் டாம் ஷோல்ஸ் வடிவமைத்த பெட்டி அது, இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொள்ளும் அளவுதான். ஹெட்ஃபோனில் பயிற்சி செய்யவென்று வந்தது. தனியாகக் கேட்டால் மெலிந்த, கொஞ்சம் கொசு ரீங்காரம் போன்ற ஒலி. லாங்குக்கு வேண்டியிருந்தது அந்த மெலிவுதான். பெரிய ஆம்ப்பின் ஒலியைப் பத்து அடுக்கு போட்டால் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். ராக்மேனை அடுக்க அடுக்க ஒவ்வொரு இழையும் தனியே நிற்கிறது.

ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்களை) எப்படிப் பதிந்தார்கள் என்று குழுவின் கிட்டார் கலைஞர் ஃபில் காலன் சொல்லியிருப்பதைப் படித்திருப்பீர்கள். சில இடங்களில் ஆறு கம்பியையும் சேர்த்து அடிக்கவே இல்லை. ஒரு கம்பியை மட்டும் மீட்டிப் பதிவது, டேப்பைத் திருப்புவது, அடுத்த கம்பி, மறுபடி திருப்புவது. ஒலி உடையும் அளவுக்கு ஏற்றிய கிட்டாரில் சேர்த்து அடித்தால் கம்பிகளின் அதிர்வுகள் ஒன்றோடொன்று கலந்து, வாசிக்காத சுரங்களெல்லாம் கூடவே முளைக்கும். தனித்தனியாகப் பதிந்து பிறகு சேர்த்தால் அந்தக் கலங்கல் இல்லை. ஆல்பத்தின் தலைப்புப் பாட்டை நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். கிட்டாருக்கு இவ்வளவு தெளிவு எங்கிருந்து வந்தது என்று தோன்றும். இதை எந்த மெஷினும் தானாகச் செய்து கொடுக்கவில்லை. மனுஷன் உட்கார்ந்து கம்பி கம்பியாகத் தட்டியிருக்கிறான்!

இந்தப் பொறுமைக்கு விலை இல்லாமல் இல்லை. 1984இல் தொடங்கிய வேலை 1987 வரை இழுத்தது. லாங் முதலில் களைத்துப்போய் விலகினார். இடையில் தயாரிப்பாளராக ஜிம் ஸ்டெய்ன்மன் வந்தார். ஒத்துப்போகவில்லை, பணம் கொடுத்து அனுப்பினார்கள். நெதர்லாந்தின் ஹில்வர்சம் நகரில் வைஸ்லோர்ட் ஸ்டூடியோ, டப்ளினில் விண்ட்மில் லேன் என்று அலைந்தார்கள். ‘அனிமல்’ பாட்டு மட்டும் ஆண்டுக்கணக்கில் முடியாமல் கிடந்தது. அப்புறம், எல்லாம் முடிந்தது என்று நினைத்த நேரத்தில் பாடகர் ஜோ எலியட் ஓய்வாக உட்கார்ந்து அக்கூஸ்டிக் கிட்டாரில் எதையோ முனக, லாங் காதில் விழுந்தது. அதுதான் ‘போர் சம் சுகர் ஆன் மீ’. வேலை மளமளவென்று நடந்து, கடைசி ஆளாக ஆல்பத்தில் ஏறியது.

இப்போது ஆலனுக்கு வருகிறேன். ஒரே கையால் டிரம்ஸ் வாசிக்க முடியாது என்று நீங்கள் நினைப்பதால்தான் அந்தக் கதையை நம்புகிறீர்கள். இடக்கை செய்த வேலையை இடக்காலுக்கு மாற்றி, பெடல்களோடு ஒரு எலெக்ட்ரானிக் கிட்டை அமைத்துக்கொண்டார் அவர். 1986 ஆகஸ்ட் 16 அன்று, இங்கிலாந்தின் டோனிங்டன் திடலில் நடந்த மான்ஸ்டர்ஸ் ஆஃப் ராக் விழாவில் உட்கார்ந்து வாசித்தார். ஆல்பம் வெளிவந்தது 1987 ஆகஸ்டில். அதாவது அவர் மேடைக்குத் திரும்பி ஏறத்தாழ ஓராண்டு கழித்து.

இன்னொன்று. அட்டையின் பின்பக்கத்தைக் கொஞ்சம் படியுங்கள். இந்த ஆல்பத்தின் ஒலிப்பதிவுப் பொறியாளர் நைஜல் கிரீன். பதிந்த ஒலிகளைச் சேர்த்து மிக்ஸ் செய்தவர் மைக் ஷிப்லி. ‘மெஷின்’ என்று நீங்கள் சொல்வதில் பாதி இவர்களுடைய காதும் இவர்களுடைய தூக்கமில்லாத இரவுகளும்.

குறையே சொல்லக்கூடாது என்று நான் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். 62 நிமிடத்துக்கு மேல் ஓடும் ஆல்பத்தை ஒரே எல்பி தட்டில் திணித்தது பெரிய தப்பு. பக்கத்துக்கு அரை மணி நேரம் என்றால் பள்ளங்களை நெருக்கிப் போட வேண்டும், ஒலியளவும் பேஸும் குறையும். சிடியில் கேட்டவருக்கும் தட்டில் கேட்டவருக்கும் கிடைத்தது ஒரே ஆல்பம் இல்லை. அடிக்கு அடி ஒரே அழுத்தத்தில் விழும் ஸ்நேர், கடைசிப் பாட்டுகளுக்கு வரும்போது எனக்கும் அலுக்கிறது. ‘எக்ஸைட்டபிள்’ வந்தால் இன்றும் தாண்டிப் போய்விடுவேன். மூச்சுவிட இடமில்லாத மிக்ஸ் என்று யாராவது எழுதினால் பக்கத்தில் நின்று கைதட்டுவேன்.

அப்படி எழுதுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். ஸ்நேர் பிடிக்கவில்லையா, பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். அந்த முடிவை எடுத்த லாங்கின் பெயரைச் சொல்லித் திட்டுங்கள். கை இழந்த மனிதரின் கணக்கில் அதை எழுதாதீர்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே ஒரு ராக் ரசிகன்