வளவுத் தூணும் கப்பலும்

சிவமயம்
காரைக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

நலம், நலமறிய ஆவல். எண்ணெய் வற்றி நகரங்கள் அடங்கிப்போன பிறகு தொண்டிக் கரையில் மறுபடியும் வணிகம் துளிர்ப்பதாக நீங்கள் எழுதிவரும் கதையின் முதல் அத்தியாயங்களை இரண்டு முறை படித்தேன். மூன்று பாய்மரங்கள் கொண்ட கப்பல் பாய் விரித்தபடியே துறைக்குள் நுழையும் இடம் மட்டும் என் மனத்தில் ஒட்டவில்லை. பாக் விரிகுடா ஆழம் குறைந்தது. அவ்வளவு பெரிய கப்பல் கரையை நெருங்கினால் தரை தட்டிவிடும். அது தொலைவிலேயே நங்கூரமிட, சிறு படகுகளான வத்தைகள் சென்று மூட்டைகளை இறக்கிவரட்டும். அப்போது துறையின் அதிகாரம் வத்தைக்காரர் கைக்குப் போய்விடும். கதைக்கு இதைவிட நல்ல முடிச்சு வேறு வேண்டுமா?

காற்றையும் கவனியுங்கள். தென்மேற்குப் பருவக்காற்றில் பர்மாவுக்குப் புறப்படும் கப்பல் வாடைக் காற்றில்தான் திரும்ப முடியும். ஐப்பசி, கார்த்திகைப் புயல்களுக்கு அஞ்சினால் தை பிறக்கும்வரை அங்கேயே கிடக்க நேரும். ஆனியில் அனுப்பிய உப்புக்கும் துணிக்கும் என்ன விலை கிடைத்தது என்பதே இங்கிருப்பவருக்கு ஆறேழு மாதம் தெரியாது. அத்தனை நாளும் முதல் முடங்கிக் கிடக்கையில், கப்பல் தலைவனின் சொல்லை நம்பி உண்டியல், அதாவது பணம் தருவதற்கான சீட்டு, எழுதித் தருபவர் ஒருவர் கடையின் பணப்பெட்டியடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். நம் முன்னோர் இரங்கூனில் செய்த தொழில் அது; அவரைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை என்பதுதான் எனக்குப் பெருங்குறை.

இவ்வளவு பெரிய கப்பலை நம் பக்கத்துத் தச்சர்கள் கட்டுவார்களா என்று கேட்டிருந்தீர்கள். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற கப்பல், பாய்மரத்தை நம்பியே 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம்வரை சென்று சேர்ந்தது. அந்தக் கைப்பழக்கம் உள்ள கரை நமக்கு எதிரில்தானே இருக்கிறது!

மரத்துக்காக, ஆளில்லாத வளவுகளின், அதாவது நம் பக்கத்துப் பெரிய வீடுகளின், தேக்குத் தூண்களைக் கழற்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்த அன்று மாலை எங்கள் வளவின் தூணொன்றை நாடா வைத்து அளந்தேன். பத்தடிக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. பாய்மரத்துக்கு அது காணாது. சுக்கானுக்கும் தளப் பலகைக்கும் உதவும். இடுப்புயரத்தில் ஓரிடம் மட்டும் வழவழவென்றிருக்கிறது. அப்பத்தா நாள்தோறும் கையூன்றி எழுந்த இடம். பர்மாவிலிருந்து கடல்வழி வந்த மரம் கடலுக்கே போவதில் எனக்கு வருத்தமில்லை. முதலில் கழற்றும் தூணாக இதையே வைத்துக்கொள்ளுங்கள். சுக்கானின் கைப்பிடி செதுக்கும்போது அந்த இடத்தை மட்டும் இழைக்காமல் விடும்படி உங்கள் தச்சரிடம் சொல்லுங்கள்.

அடுத்த அத்தியாயத்துக்குக் காத்திருக்கும்,
உங்கள் நண்பன்