பாடத்திட்டக் குழுவினருக்கு: எண்ணோடு நின்றுவிடாதீர்கள்

தொழிற்கல்விப் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். தொழில் வகைப்பாட்டு எண்ணைத் திறந்துவைத்து, அதன் கீழே உள்ள விவரிப்பையே பாடத்தலைப்புகளாக மாற்றிவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. வேலை சீக்கிரம் முடிகிறது, சரி. ஆனால் அந்த எண்கள் அதற்காக உருவானவை அல்ல.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் ஐஸ்கோ-08 வகைப்பாடு எல்லா வேலைகளையும் 10 பெரும் பிரிவுகளில் தொடங்கி 436 அலகுகள் வரை அடுக்குகிறது. யார் யார் எந்த வேலையில் இருக்கிறார்கள் என்று எண்ணவும், நாடுகளை ஒப்பிடவும் நல்ல ஏற்பாடு. ஆனால் 7212 என்ற ஒரே எண்ணுக்குள் கேஸ் வைத்துத் தகடு வெட்டுபவரும் இருக்கிறார், உயர் அழுத்தக் குழாயில் வெல்டிங் போடுபவரும் இருக்கிறார். இருவருக்கும் ஒரே பாடமா?

1960களில் கனடாவில் உருவான டேகம் (DACUM) என்ற தொழில் பகுப்பாய்வு முறையைப் பாருங்கள். தொழிலில் கைதேர்ந்த ஐந்து முதல் பன்னிரண்டு பேரை இரண்டு நாள் உட்காரவைத்து, அவர்கள் உண்மையில் செய்வதைச் சொல்லவைக்கிறார்கள். முதலில் பொறுப்புகள், அப்புறம் ஒவ்வொன்றுக்கும் கீழே பணிகள் என்று சுவரில் அட்டைகள் ஏறுகின்றன. ‘மோட்டார் பற்றிய அறிவு’ என்று எழுதினால் அட்டை கீழே இறங்கிவிடும். ‘மோட்டாரின் காப்புத் தடையை அளத்தல்’ என்றால் நிற்கும். வேடிக்கை பார்க்க வருபவர்களுக்கு அங்கே பேச்சுரிமை கிடையாது. என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான்.

இதிலும் ஓட்டை உண்டு. பழகிய கை தனக்குத் தெரிந்த பாதியைச் சொல்லாது. சத்தத்தை வைத்தே பேரிங் போய்விட்டது என்று கண்டுபிடிப்பவருக்கு அது ஒரு பணியாகவே தோன்றாது. அதனால், 1954இல் அமெரிக்க உளவியலாளர் ஃபிளானகன் விவரித்த முறைப்படி, நடந்த சம்பவங்களைக் கேளுங்கள்: கடைசியாக எந்த வேலை கெட்டுப்போனது, அப்போது என்ன செய்தீர்கள்? பழுது கண்டுபிடிக்கும் யோசனை அந்தக் கதைகளில்தான் கிடைக்கும்.

பட்டியல் கிடைத்ததும் அடுத்த பொறி காத்திருக்கிறது. அடிக்கடி செய்யும் பணிக்கே அதிக மணிநேரம் என்று பிரித்துவிடாதீர்கள். வயரின் முனையைச் சீவுவது தினசரி வேலை. வேலைத்தளத்திலேயே கை பழகிவிடும். மின்தாக்குதலில் சிக்கியவரை மீட்கும் தேவை ஒரு எலக்ட்ரீஷியனுக்கு வாழ்நாளில் வராமலே போகலாம். வந்தால், அப்போது கற்றுக்கொள்ள நேரமிருக்காது. எவ்வளவு அடிக்கடி, தவறினால் என்ன ஆகும், கற்பது எவ்வளவு கடினம் என்ற மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

அழைக்கும் தொழிலாளர்களுக்கு அந்த இரண்டு நாள் கூலியைக் கொடுங்கள். இல்லாவிட்டால் மேற்பார்வையாளர்கள்தான் வருவார்கள். ஆய்வு நடந்த ஆண்டைப் பாடத்திட்டத்தின் முதல் பக்கத்திலேயே அச்சிடுங்கள். பணிப்பட்டியல் தயாரானதும் எங்களுக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். எங்கள் பட்டறைகளில் கருவியே இல்லாத பணிகள் எவை என்று குறித்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு தொழிற்பயிற்சி ஆசிரியர்