பிடிக்கிற கை

அன்புள்ள கயலுக்கு,

கற்கருவி செய்யும் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறாய், சந்தோஷம். வலது கைக்குப் பலம் போதுமா என்று கேட்டிருக்கிறாயே, வேலை முக்கால்வாசி இடது கைக்குத்தான்.

தொடை மேல் கனத்த தோல்துண்டை விரித்து, சில்லு பெயர்க்க வேண்டிய கல்லை அதில் அணைத்துப் பிடி. மேல்தளமும் பக்கச் சரிவும் கூடும் விளிம்பில் கோணம் 90 பாகைக்குள் இருக்கட்டும். 70, 80 இருந்தால் சௌகரியம். விளிம்பிலிருந்து அரை முதல் ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, சுத்தியல் கல்லைச் சாய்வாகக் கீழ்நோக்கி வீசு. தேங்காய் உடைப்பது போல நடுவில் ஓங்கிப் போடாதே: கல் உடையாது, உள்ளுக்குள் விரிசல் விடும், மணிக்கட்டு அதிரும். விளிம்பிலேயே அடித்தால் ஓரம் நொறுங்கிவிடும். அடி தயங்கினால் சில்லு பாதியில் முறிந்து படி போல நிற்கும். அடுத்த சில்லும் அந்தப் படியிலேயே நிற்கும். ஒவ்வோர் அடிக்குப் பிறகும் இடது கை கல்லைத் திருப்பி, அடுத்த கோணத்தைத் தேடித் தர வேண்டும். தட்டினால் கணீரென்று ஒலிக்கும் கல்லை எடு. மொத்தென்று கேட்டால் ஏற்கெனவே விரிசல்.

போனோபோ குரங்கு கான்ஸி பற்றியும் கேட்டிருந்தாய். 1990இல் தொல்லியலாளர் நிக்கோலஸ் டாத் குழுவினர் அதற்குக் கல் உடைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். கயிறு கட்டிய பெட்டிக்குள் தீனி. கயிற்றை அறுக்கச் சில்லு வேண்டும். ஒரு கையில் கல்லைப் பிடித்து மறு கையால் அடிப்பதில் சிரமப்பட்ட கான்ஸி, கல்லைக் கெட்டித் தரையில் வீசி உடைத்துக்கொண்டது! புத்தி குறைவில்லை. போனோபோ, சிம்பன்சிகளின் விரல்கள் நீளம், கட்டைவிரல் குட்டை. அதன் நுனியை மடக்க நமக்கு முன்கையில் இருப்பது போன்ற வலுவான தனித்தசை அவற்றுக்கு இல்லை. அடிபடும் கல்லை விரல்நுனிகளால் இறுக்கிப் பிடிப்பது அதனால் கஷ்டம்.

கினியாவின் போஸு சிம்பன்சிகள் எண்ணெய்ப்பனைக் கொட்டையை அடைகல்லில், அதாவது அடியில் தாங்கும் கல்லில், வைத்து உடைக்கின்றன. அடைகல் ஆடினால் இன்னொரு கல்லை முட்டுக்கொடுப்பதும் உண்டு. குட்டிகளுக்கு இது கைவர மூன்று முதல் ஐந்து வயதாகிறது. ஆனால் அங்கே நேராக அடித்தால் போதும், கோணம் பார்க்க வேண்டியதில்லை. தாய்லாந்தின் நீள்வால் குரங்குகள் கொட்டை உடைக்கும்போதும் தற்செயலாகச் சில்லுகள் தெறிக்கின்றன. ஒற்றைச் சில்லைப் பார்த்ததுமே கருவி என்று முடிவுகட்டாதே.

ஊருக்கு வரும்போது சென்னைக்குப் பக்கத்து அதிரம்பாக்கத்துக் கைக்கோடரிகளைக் காட்டுகிறேன். சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமை, குவார்ட்சைட் கல். அந்தக் கல்லை உடைப்பது கடினம். நீ இப்போது பிளின்ட் என்ற சிக்கிமுக்கிக் கல்லில் பழகு.

பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் உட்காராதே. வேலையைத் திறந்தவெளியில் வைத்துக்கொள், சிலிக்கா தூசு நுரையீரலுக்கு ஆகாது. கீழே தார்ப்பாய் விரித்துக் கழிவையெல்லாம் அள்ளிவிடு. புதைப்பதானால் கூடவே இந்த வருஷத்து நாணயம் ஒன்றைப் போட்டுப் புதை. பின்னால் தோண்டுகிறவர்கள் பழங்காலப் பட்டறை என்று ஏமாறக் கூடாது.

அன்புடன்,
அப்பா