நவம்பர் 2-க்கு முன்னால், தம்பிக்கு

தம்பி,

இந்த வருடம் கல்லறைத் திருநாள் அன்று நம் வீட்டில் சாப்பாடு கிடையாது. கல்லறைக்குப் போவேன். பூ வைப்பேன், மெழுகுவத்தி ஏற்றுவேன், சாமியார் மந்திரித்து முடிக்கும்வரை நிற்பேன். அதற்கு அப்புறம் அடுப்பில் அந்தப் பெரிய சருவம் ஏறாது.

போனில் சொன்னால் நீ அழுவாய். நான் சரி சரி என்று சொல்லிவிட்டு மறுநாளே கிழங்குக்கு ஆள் அனுப்பியிருப்பேன். எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதிப் போட்டதற்குக் காரணம் அதுதான், பத்துப் பேர் பார்த்துவிட்டால் பின்வாங்க முடியாது பார். வீட்டு விஷயத்தை இப்படித் தெருவில் வைத்தாயே என்று கேட்பாய். மன்னித்துக்கொள். ஆனால் வருஷாவருஷம் அந்தப் பந்தியைப் போன் வழியாகப் பஹ்ரைன்வரை காட்டச் சொன்னதும் நீதான்.

உன் மனைவியிடம் முன்பே சொல்லிவிட்டேன். சிரித்தாள். என்ன சிரிப்பு என்று நீயே அவளிடம் கேட்டுக்கொள். நான் இங்கே எழுதினால் அவளுக்குத்தான் தொந்தரவு.

நீ அந்தச் சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். உனக்குத் தெரிந்தது இரண்டாம் தேதி சாயங்காலம் மட்டும். மசித்த மரச்சீனிக் கிழங்கு, வறுத்தரைத்த மீன்கறி, கட்டன் சாயா, முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் சித்தி பிள்ளைகள், மழை வந்தால் தட்டோடு திண்ணைக்கு ஓட்டம். நான் இருந்தது முதல் தேதியில். குமரி 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்ததற்காக நம் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள் அல்லவா, எங்கள் பள்ளியில் அதற்குப் பேச்சுப்போட்டி எல்லாம் வைப்பார்கள். எனக்கு அது கிழங்கு உரிக்கிற நாள். கருங்கல் சந்தையிலிருந்து சாக்கில் வந்த கிழங்கை மண் போகக் கழுவி, மேல்தோலோடு சேர்த்து உள்ளே இருக்கும் இளஞ்சிவப்புத் தோலையும் கீறி எடுத்து, துண்டு போட்டுத் தண்ணீரில் கிடத்த வேண்டும். நகத்துக்குள் ஏறின கறை அடுத்த வாரம் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதும்போதும் தெரியும். வேகவைத்த முதல் தண்ணீரை வடித்துக் கொட்ட வேண்டும், இல்லையென்றால் கசக்கும், உடம்புக்கும் ஆகாது. 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா ஏழைகளின் பசி தீரும் என்று இந்தக் கிழங்கைத் திருவிதாங்கூர் முழுக்கப் பரப்பினாராம். உரிக்கிறவர்களைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்று எந்தச் சரித்திரத்திலும் நான் படிக்கவில்லை.

விடியற்காலையில் தேங்காப்பட்டணம் துறைமுகத்தில் மீன். வந்ததும் வெட்டி, உப்புப் போட்டு உரசிக் கழுவி வைத்துவிட்டுத் தேங்காய் வறுக்க உட்கார வேண்டும். வெள்ளை மாறி, பொன்னாகி, காப்பிக்கொட்டை நிறம் வரும் இடத்தில் இறக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து யாராவது வாசலில் கூப்பிட்டால் போயிற்று, கரிந்த தேங்காயின் கசப்பை எந்தப் புளியும் எடுக்காது. அம்மா வாசலுக்குப் பதில் சொல்லவே மாட்டாள். கரண்டியை நிறுத்தாமல் தலையை மட்டும் என் பக்கம் ஆட்டுவாள், நான் போய்ப் பார்க்க வேண்டும்.

இத்தனையும் முடிந்து ஆறு மணிக்கு உன் வீடியோ கால் வரும். போன் தட்டு தட்டாகக் கை மாறும். “கறியக் கொஞ்சம் கலக்கிக் காட்டு அக்கா” என்பாய். கலக்குவேன். “பாவம் பிள்ளை” என்று சித்தி மூக்கைச் சிந்துவாள். கலக்குகிறவளைப் பாவம் என்று அங்கே ஒருவரும் சொன்னது கிடையாது.

பாவம்தான் நீ, எனக்குத் தெரியாதா. ஒரு அறையில் அத்தனை பேர், அடுக்குக் கட்டில், பாக்கெட் தேங்காய்ப்பொடியில் வைத்த கறி. 2023ல் மட்டிப்பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியை நடுராத்திரி எனக்கு அனுப்பி, “அக்கா, நம்ம பழம் ஜெயிச்சாச்சு” என்று எழுதியிருந்தாயே. நான் சிரித்துவிட்டு, காலையில் பஸ்ஸுக்கு ஓடும் வழியில் ஒரு சீப்பு வாங்கிப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேன். பிறகு அது உன்னைக் கஷ்டப்படுத்தியிருக்குமோ என்று மார்த்தாண்டம்வரை யோசித்துக்கொண்டே போனேன்.

சரி, நான் சொல்ல வந்தது 2017.

ஒக்கி புயல் வந்த நாட்களை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீ அதற்குள்ளேயே இருந்தவன். கரையில் நடந்தது மட்டும் உனக்குத் தெரியாது. நவம்பர் 30 காலையில் போன கரண்ட் வரவில்லை. மின்கம்பங்கள் ரோட்டில் கிடந்தன, ரப்பரும் வாழையும் படுத்துவிட்டதாக உள்நாட்டில் அழுதார்கள், நமக்கு அதைக் கேட்கவும் நேரமில்லை. கோவில் முற்றத்தில் ஒரு நோட்டில் படகின் பெயர், ஆட்களின் பெயர் என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள். கரை சேர்ந்தவர் பெயரை அடிக்க வேண்டும். அடிக்காத பெயர்தான் பக்கம் பக்கமாக இருந்தது.

டிசம்பர் 2 அன்று மகாராஷ்டிரத்தில் சிந்துதுர்க் கரையில் 68 படகுகளும் 952 பேரும் சேர்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது. டிவியில் பார்த்த செய்தி இல்லை, வாய்வழியாக வந்தது. அநேகமும் கேரளப் படகுகள் என்றார்கள். பதிவுதான் கேரளம், உள்ளே இருப்பது யார் என்று நமக்குத் தெரியாதா. நீ கொச்சியிலிருந்து கிளம்பின படகு அதில் உண்டா இல்லையா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

சாயங்காலம் அம்மா வாசற்படியில் இருந்தாள். அடுத்த வீட்டு அக்கா செருப்பில்லாமல் வந்தாள். கையில் போன். நம் வீட்டுப் போன்கள் எல்லாம் செத்துக் கிடந்தன, அவள் மட்டும் கோவில் ஜெனரேட்டரில் வரிசையில் நின்று சார்ஜ் போட்டு வைத்திருந்தாள். எதற்காக என்று சொல்ல வேண்டுமா? அவள் வீட்டுக்காரர் வேறொரு படகில். அந்தப் போனில்தான் உன் கால் வந்தது. “மாமி, பிள்ளை பேசுறான்” என்று நீட்டினாள்.

அம்மா எழுந்து போனை வாங்கினாள். உடனே காதில் வைக்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் கரையில் சாளைக்கு விலை கேட்கிற அதே குரலில் கேட்டாள். “மக்களே, வல்லதும் தின்னியா?”

நீ என்னவோ சொன்னாய். எனக்குக் கேட்கவில்லை.

“சரி. வச்சிரு. அவளுக்குப் போன் வேணும்.”

அவ்வளவுதான். போனை முந்தானையால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். அக்கா திரையைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

அன்று ராத்திரி அம்மா முன்கதவைச் சாத்தினாள். நம் தெருவில் படுக்கும்வரை யார் கதவைச் சாத்துவார்கள்? மெழுகுவத்தி வெளிச்சத்தில் இரண்டு கிழங்கை எடுத்து உரித்து வேகவைத்தாள். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அப்போதுதான். நான் வெங்காயமும் கறிவேப்பிலையும் எடுத்துக்கொண்டு வந்தேன். கையைப் பிடித்துவிட்டாள். “தாளிக்காத. மணம் அங்க போவும்.” உப்பும் நசுக்கின வத்தலும் தொட்டுத் தின்றோம். வாயில் கிழங்கை வைத்துக்கொண்டு அம்மா அழுதாளா சிரித்தாளா என்று பக்கத்தில் இருந்த எனக்கே தெரியாது, முந்தானை வாயில் இருந்தது. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது. நீ உயிரோடு இருக்கிறாய் என்பதை எங்கள் வீட்டில் கொண்டாடினது இப்படித்தான்.

நீ இதை அறியாமல், “செத்துப் பிழைச்சு போன் பண்ணினேன், அம்மை ஒரு சொட்டுக் கண்ணீர் விடல்ல, வச்சிருன்னு சொல்லிட்டா” என்று லீவில் வரும்போதெல்லாம் பந்தியில் சொல்லிச் சிரிக்க வைத்தாய். அம்மா உனக்கு இன்னொரு அகப்பை கறி ஊற்றினாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னையும் சொல்ல விடவில்லை. கதை மதில் தாண்டிப் போய்விடும் என்ற பயம் அவளுக்கு. அந்தச் சிரிப்பில் உனக்கு வலி இருந்தது எனக்குத் தெரியும். அதனால்தான் இப்போது சொல்கிறேன்.

எழுதும் முன்னால் அடுத்த வீட்டு அக்காவிடம் போய்க் கேட்டேன். பெயர் போடாமல் எழுதிக்கொள் என்றாள். அப்புறம், “எனக்கு அன்னைக்கே தெரியும். கிழங்கு வெந்தா மணம் வராதா?” என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை. அவள் பாட்டுக்குக் காயப்போட்ட துணியை மடித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன். உதவித்தொகை, அரசு வேலை, யாருக்கு எவ்வளவு என்று அந்த நாட்களில் பேசின வாய்களும் இதைப் படிக்கும், படித்துக்கொள்ளட்டும்.

உன்னைத் தேற்றுவதற்காக மட்டும் எழுதினேன் என்று நினைக்காதே. திரும்பி வந்த அன்று அம்மாவின் தலையில் கைவைத்து இனிக் கடலுக்குப் போகமாட்டேன் என்றாய். அந்தக் கை எடுத்த சூடு ஆறும் முன்னால் விசா வந்தது, அதுவும் மீன்பிடிக்கவே. கடல் வேறு, முதலாளி அரபாப் நல்லவர், கரை பக்கம் என்று விளக்கம் சொன்னாய். வேறு வேலை தெரியாது என்பது உண்மைதான். கடன் இருந்ததும் உண்மை. ஆனாலும் போகும் முன் ஒரு தடவை, அக்கா நீ என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டிருக்கலாம். எனக்கு வந்த வரன்களைப் பற்றியும் அவை என்னவாயின என்பதைப் பற்றியும் இங்கே எழுதமாட்டேன், படிக்கிறவர்களில் பாதி நம் ஊர்க்காரர்கள்.

அப்புறம் அம்மாவின் அடக்கம். நீ வர முடியவில்லை. டிக்கெட், பாஸ்போர்ட் எல்லாம் எனக்குத் தெரியும், அதற்கு நான் உன்னைக் குற்றம் சொன்னதே இல்லை. குழிப்பக்கத்தில் நின்று உனக்குப் போனைப் பிடித்துக்காட்டியது நான். “கொஞ்சம் தாழ்த்திப் பிடி அக்கா, முகம் தெரியல்ல” என்றாய். தாழ்த்தினேன். எல்லோரும் மண் போட்டார்கள். என் முறை வந்தபோது வலக்கையில் நீ இருந்தாய். இடக்கையால் அள்ளிப் போட்டேன், பாதி மணல் என் சேலையில் விழுந்தது. இதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், பெரிய விஷயமும் இல்லை. ஆனால் கல்லறைத் திருநாள் என்று காலண்டரில் பார்க்கும்போது எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வருகிறது, கறி ஞாபகம் வருவதில்லை. இந்த வருடமும் இரண்டாம் தேதி ஒரு கையில் போனையும் மறு கையில் கரண்டியையும் பிடித்துக்கொண்டு நிற்க என்னால் ஆகாது.

“அம்மை செய்தது நின்னுபோகக் கூடாது” என்று போன வாரம் சொன்னாய். அம்மாவே இரண்டு வருடம் நிறுத்தத்தான் பார்த்தாள், முட்டி வலி. நீ வருத்தப்படுவாய் என்று செய்தாள். இதையும் உன்னிடம் சொல்லக் கூடாது என்றுதான் சொன்னாள். அவள் சொல்லக் கூடாது என்று வைத்துப்போனவை என்னிடம் நிறைய இருக்கின்றன, சுமக்க முடிந்ததைச் சுமக்கிறேன்.

இரண்டாம் தேதி ராத்திரி அடுத்த வீட்டில் எனக்குச் சாப்பாடு. கஞ்சி, பயறு, தேங்காய்ச் சம்மந்தி, பப்படம். அவள் கூப்பிட்டாள், நான் சரி என்றேன். அவளுக்குப் போய்ப் பூ வைக்கக் கல்லறை இல்லை, கல்லறைத் தோட்டத்து நடுச்சிலுவையின் அடியில்தான் மெழுகுவத்தி வைப்பாள். நம் அம்மாவுக்கு வைத்துவிட்டு நானும் அங்கே போய்க் கொஞ்சநேரம் நிற்பேன். அந்த நேரத்தில் கூப்பிடாதே, எடுக்கமாட்டேன். சித்திமாரிடம் நீயே சொல்லிவிடு. நான் சொன்னால் வேறு மாதிரிப் பேசுவார்கள், உன்னை ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

கிறிஸ்துமஸுக்கு லீவு கேட்டுப் பார். ஆழ்கடல் படகுகளும் அப்போதுதான் கரைக்கு வரும், தெருவில் ஆள் இருக்கும். நீ வந்தால் கிழங்கு வேகவைக்கலாம், எனக்கும் ஆசைதான். நெய்மீன் வாங்கிப் பணத்தைக் கரைக்காதே, சாளை போதும். ஆனால் உரிப்பதும் மீன் வெட்டுவதும் தேங்காய் வறுப்பதும் உன் வேலை. வாசலில் யாராவது கூப்பிட்டால் நான் போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.

கல்லறைச் செலவுக்கு என்று நீ அனுப்பின பணம் வந்தது. தோவாளைப் பூ இந்த வாரமே விலை ஏறிவிட்டது, அதனால் பூவுக்கும் மெழுகுவத்திக்கும் பூசைக்கும் கொஞ்சம் தாராளமாகவே ஒதுக்கினேன். மிச்சத்தில் கிணற்று மோட்டாரை மாற்றிவிட்டேன். ரசீது உன் மனைவியிடம் இருக்கிறது. பழைய மோட்டாரைப் பழைய இரும்பு வாங்கும் ஆக்கர் கடைக்காரர் எடுத்துக்கொண்டு போனார், அந்தக் காசு உன் கணக்கில் சேராது, நான் வைத்துக்கொண்டேன்.

அக்கா