கருக்காய்க்குள்ளும் சத்து இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேரையூர் வட்டத்தில் இரண்டு ஏக்கர் கரிசல் மானாவாரியில் குதிரைவாலி விதைக்கிறவன் நான். பள்ளியில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். வறட்சி பற்றிய செய்திகள் எல்லாம் ஏக்கருக்கு எத்தனை மூட்டை போயிற்று என்பதோடு நின்றுவிடுகின்றன. மிஞ்சிய தானியத்தில் என்ன சத்து இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

சென்ற வருடம் புரட்டாசி மழைக்கு விதைத்தோம். முளைப்பு நன்றாகவே இருந்தது. கார்த்திகையில் கதிர் பால் பிடிக்கிற நேரம் பார்த்து மழை கைவிட்டது. கரிசல் வெடித்த வெடிப்பில் மணிக்கட்டு வரை கை போனது. களத்தில் என் மனைவி சுளகில் புடைத்தபோது பாதிக்குப் பாதி கருக்காய். நகத்தால் நசுக்கினால் உமியும் தோலும்தான். மாவு கொஞ்சம்தான் ஒட்டியது.

மணிக்குள் மாவு நிரம்புகிற காலத்தில் ஈரம் அற்றால் முதலில் குறைவது அந்த மாவு. பி1 போன்ற வைட்டமின்களில் பெரும்பகுதி இருப்பதோ தவிட்டிலும் முளையிலும். ஆகவே கிராம் கணக்கில் பார்த்தால் சூம்பிய மணியில் பி1 குறையாமலே இருக்கலாம், சற்றுக் கூடியும் இருக்கலாம். ஏக்கர் கணக்கில் வீடு வந்து சேர்வது குறைவுதான். துத்தநாகத்தின் நிலை வேறு. அது மண்ணின் ஈரத்தில் கரைந்துதான் வேருக்கு வரும். மேல்மண் காய்ந்தால், மண்ணில் இருந்தாலும் பயிருக்கு எட்டாது.

என் வயிறு எரிவது மில்லில். சூம்பிய மணியில் உமி எளிதில் கழலாது என்று கூடுதலாக ஓட்டுகிறார்கள். வெள்ளையாக இருந்தால்தான் வியாபாரி எடுப்பாராம். ஜாவாவில் தீட்டிய அரிசி தின்ற கோழிகள் நடக்க முடியாமல் சாய்ந்ததையும், தவிடு நீங்காத அரிசி போட்டதும் தேறியதையும் கண்டவர் டச்சு மருத்துவர் எய்க்மான். அந்தப் பணிக்காக 1929இல் நோபல் பரிசு பெற்றார். வருடம் தவறாமல் நான் நடத்திய பாடம் அது. வறட்சியில் தப்பிய கொஞ்சச் சத்தும் தவிட்டோடு தீவன மூட்டைக்குப் போவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

பயிர்க் காப்பீட்டுக்காக அறுவடைப் பரிசோதனை நடத்தி எடை பார்க்கிறார்கள். அதே களத்தில் இரண்டு படி தானியம் எடுத்து, பி1, இரும்பு, துத்தநாகம் மூன்றையும் மதுரை வேளாண்மைக் கல்லூரியில் சோதிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். மழை வருடத்துத் தானியத்தையும் வறண்ட வருடத்துத் தானியத்தையும், தீட்டியும் தீட்டாமலும் பார்க்க வேண்டும். முடிவைத் தமிழில் அச்சிட்டு ஊராட்சி அலுவலகங்களில் ஒட்ட வேண்டும். சென்ற வருடத்துக் குதிரைவாலி ஒரு மூட்டை, உமி நீக்காமல் எங்கள் வீட்டுக் குலுக்கையில் இருக்கிறது. மாதிரிக்கு வேண்டிய அளவு அள்ளிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மானாவாரி விவசாயி ஒருவர்,
பேரையூர் வட்டம், மதுரை மாவட்டம்