தாடிக் கதையை ஏன் கெடுத்தாய், தம்பி?

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிறு மாலை வேலூர்க் கோட்டைக்கு எதிரே டீக்கடையில் நடந்த பேச்சைப் பற்றித்தான் எழுதுகிறேன். அப்போதே சொல்லியிருக்கலாம். பாய் முன்னால் உன்னைத் திருத்த மனம் வரவில்லை.

பேச்சு 1806-இல் அந்தக் கோட்டையில் நடந்த சிப்பாய்க் கிளர்ச்சியில்தான் தொடங்கியது. நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்று கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் போட்ட உத்தரவால் இந்து சிப்பாயும் முஸ்லிம் சிப்பாயும் சேர்ந்து கிளர்ந்த கதை. ஒரு தாடிக்காக உயிரை விடுவார்களா என்று கேட்டாய். நல்ல கேள்வி. பாய் வாயெடுத்தார். அதற்குள் நீயே, "நானே வழியும் சத்தியமும் ஜீவனுமாயிருக்கிறேன்", யோவான் 14:6 என்று எண்ணோடு சொல்லி நிமிர்ந்து உட்கார்ந்தாய். பாய் சிரித்துக்கொண்டே, "உங்கள் மார்க்கம் உங்களுக்கு, என் மார்க்கம் எனக்கு" என்று குர்ஆனின் 109-ஆம் அத்தியாயத்தைச் சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். தாடிக் கதை அதோடு போயிற்று. அவர் என்ன சொல்ல வந்தாரோ!

நானும் ஞாயிறு தவறாமல் அதே வேதாகமத்தைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போகிறவன்தான். ஆனால் அது யாருக்குச் சான்று? சைவ சித்தாந்திகள் இதற்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒன்றை உண்மை என்று அறிய காட்சி (நேரில் காண்பது), கருதல் (ஊகித்து அறிவது), உரை என்று மூன்று அளவைகள். உரை என்பது ஆகமம், அதாவது மறைநூலின் சொல். கண்ணால் கண்டதை மட்டும் நம்பும் உலகாயதன் காட்சியோடு நின்றுவிடுவான், பௌத்தன் கருதல்வரை வருவான். இருவரிடமும் ஆகமத்தை நீட்டி என்ன பயன்? அதனால்தான் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் பிற மதங்களை ஆராயும் பரபக்கம் என்ற பகுதியில் எதிராளியின் கொள்கையை முதலில் முழுதாக எடுத்து வைத்துவிட்டு, பிறகு மறுக்கிறார்.

நம் அப்போஸ்தலர் பவுல் மட்டும் என்ன? வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 17-ஐ எடுத்துப் பார். ஜெப ஆலயத்தில் யூதரோடு வேதவாக்கியங்களைக் கொண்டு பேசுகிறார். அத்தேனே பட்டணத்து மார்ஸ் மேடையில் ஒரு தீர்க்கதரிசியின் பெயர்கூட வாயில் வரவில்லை. அவர்களுடைய பலிபீடங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவர், "உங்கள் புலவர்களிலும் சிலர்" என்று அவர்கள் கவிஞரையே துணைக்கு அழைக்கிறார்.

அதற்காக நாளைக்கே குர்ஆன் மொழிபெயர்ப்பில் நாலு வரி பொறுக்கிக்கொண்டு பாயிடம் போய்விடாதே. நான் பட்டவன். மேல்விஷாரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்தில் இருந்த பெரியவரிடம் "மார்க்கத்தில் நிர்ப்பந்தமில்லை" என்று மேதாவியாக எடுத்துவிட்டேன். அவர் முன்னும் பின்னும் உள்ளதை அரபியில் ஓதி, தமிழில் பொருளும் சொல்லி, "இதில் எதைப் பற்றிக் கேட்கிறீர்கள்?" என்றார், மிக மரியாதையாக. பிரியாணி தொண்டையில் நின்றது. தேவாலயத்து உப்பரிகையின்மேல் இயேசுவைச் சோதிக்க 91-ஆம் சங்கீதத்தை எடுத்துக் காட்டியது சாத்தான்தான் என்பதும் உனக்குத் தெரியும்.

உன் அப்பாவின் அடக்கத்தன்று நீ, "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று தொடங்கும் 23-ஆம் சங்கீதம் வாசித்தாய். பாய் கடையை அடைத்துவிட்டு வந்து கல்லறைத் தோட்டத்து வாசலோரம் நின்றிருந்தார். திரும்பும்போது, "அந்த மேய்ப்பர் வரியை இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். பஸ் நிறுத்தம்வரை இருவரும் அதைப் பற்றியேதான் பேசிக்கொண்டு நடந்தோம்.

வருகிற ஞாயிறும் ஐந்து மணிக்கு அவர் வருவார். அந்தத் தாடிக் கேள்வியை மறுபடி கேள். டீ என் கணக்கு.

அன்புடன்,
அண்ணன்